கேசின், இரண்டு டின்

நான் ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தேன். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லியே காட்டிக்கொடுத்தேன். காரணம் பொறாமை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இதற்கு முன் இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். இரண்டு முறையும் முதல் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் இங்கே கொண்டுவந்த அவசரகாலத்தின் கெடுபிடிகளைத்தான் எழுதியிருந்தேன். முள்கம்பி, சோதனை, கேட்டில் நின்ற போலீஸ் சார்ஜன்... பழியை அவர்கள் மேல் சாய்த்துவிட்டு, பிறகு மெல்ல நான் உள்ளே நுழையலாம் என்று! இந்த முறை முதல் வரியிலேயே நான் நிற்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சரோஜா. ரப்பர் தோட்ட ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமைக் கணக்கராக, இருந்தவரின் மகள். சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் இரத்தப் பரிசோதனை, சளிப் பரிசோதனை எல்லாம் கற்று, சான்றிதழோடு ஊர் திரும்பியவள். நிதானமான பெண் என்று என்னைச் சொல்வார்கள். எதையும் வரிசை போட்டு எழுதுவேன். இன்று செய்ய வேண்டியவை, நாளை செய்ய வேண்டியவை, தீர்ந்துபோன மருந்துகள், உடைந்த குழாய்கள்... என் மேசையில் பட்டியல் இல்லாத நாளே கிடையாது.

அந்தப் பழக்கத்தைக் கொண்டுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ரந்தாவு என்ற ஊருக்குப் பக்கத்தில், பல தோட்டங்களுக்குப் பொதுவான ஓர் ஆஸ்பத்திரி. அங்கே வேலை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓர் அறையை வெள்ளைக்கார டாக்டர் தன் சொந்த ஆர்வத்தில் ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தார். காலையில் மலேரியாக் காய்ச்சல்காரர்களின் இரத்தத்தைப் பார்ப்போம். மதியத்துக்கு மேல் ஆட்டு ஈரல்!

சிரிக்காதீர்கள். அந்த ஈரலுக்குள்தான் டாக்டரின் கேள்வி இருந்தது. உடம்பில் எங்கோ ஒரு செய்தி கிளம்புகிறது. ஈரலின் உயிரணுக்கள் அதைக் கேட்டு உடனே வேலையைத் தொடங்குகின்றன. எப்படிக் கேட்கின்றன? உள்ளே ஏதோ ஒரு நொதி, பாஸ்பேட் என்ற சின்னத் துண்டை எடுத்துப் புரதத்தின் மேல் ஒட்டுகிறது என்பது டாக்டரின் ஊகம். ஒட்டியதும் புரதம் குணம் மாறிவிடுமாம். இப்போது அப்படிப்பட்ட நொதிகளைக் கைனேஸ் என்கிறார்கள். அன்றைக்கு எங்களிடம் அதற்குப் பெயர் இல்லை. அஞ்சலைதான் ஒரு பெயர் வைத்திருந்தாள். 'ஒட்றவன்.'

அஞ்சலை... இதோ, பெயரை எழுதிவிட்டேன்.

கோலா சாவாத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுகிறவரின் மகள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. எங்களிடம் கண்ணாடிக் குழாய் கழுவத்தான் வந்தாள். குழாயில் திரவத்தை உறிஞ்சி, கோட்டில் நிறுத்தி, சொட்டுச் சொட்டாக விடக் கற்றுக்கொடுத்தவள் நான். தராசில் நிறுக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். என்னைவிட இரண்டு வயது இளையவள். அக்கா, அக்கா என்று என் பின்னாலேயே திரிவாள்.

முதல் நாள் ஈரலை அரைக்க நான் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் வெறுங்கையால் எடுத்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கிராணி வீட்டுப் புள்ளைலா! கையில மை படலாம், ஈரல் படக்கூடாது. நீங்க எழுதுங்கக்கா, நான் அரைக்கிறேன்."

அன்று நானும் சிரித்தேன். அது உண்மையான சிரிப்புத்தான். அப்போது அவளிடம் பொறாமைப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்!

எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். ஈரலைக் குளிர்ந்த உப்புநீரில் அரைத்து, துணியில் வடிகட்டி, சாற்றை எடுப்போம். அதோடு பாலிலிருந்து பிரித்த புரதத்தைச் சேர்ப்போம். அதற்குக் கேசின் என்று பெயர். பாஸ்பேட்டைச் சுமந்திருக்கும் ஏ.டி.பி. என்ற பொருளை டாக்டர் சீமையிலிருந்து சின்னக் குப்பியில் வரவழைத்திருந்தார். அதில் ஒரு சிட்டிகை. வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம். பிறகு அமிலம் விட்டால் கேசின் தயிர்போலத் திரண்டு அடியில் தங்கும். அதைக் கழுவி, சோதனை மருந்தைச் சேர்த்தால் நீல நிறம் வரும். கேசினில் எவ்வளவு பாஸ்பேட் இருக்கிறதோ அவ்வளவு நீலம். பக்கத்தில் இன்னொரு குழாய் எப்போதும் இருக்கும். அதில் அவித்த ஈரலின் சாறு. அவித்தால் நொதி செத்துவிடும். ஆகவே அவிக்காத குழாயில் நீலம் கூடினால், உயிருள்ள ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கூடுதல் நீலத்தை முதலில் பார்த்தது யார் தெரியுமா?

நான்!

பார்த்தேன். மிகக் கொஞ்சம்தான் கூடியிருந்தது. என் நோட்டில் எழுதினேன்: 'கழுவல் போதவில்லை. பிழை.' கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். சிங்கப்பூரில் எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எதிர்பாராத ஒன்று வந்தால் முதலில் உன் கையைச் சந்தேகப்படு என்று.

ஒரு வாரம் கழித்து அஞ்சலை அதே குழாயோடு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, இதப் பாருங்களேன். அஞ்சு தடவ கழுவிட்டேன். நீலம் போகமாட்டேங்குது."

"இன்னும் கழுவு."

"கழுவுனேன்கா! இதுக்கு மேல கழுவுனா ட்யூப்பே கரைஞ்சு போயிரும். அவிச்ச ஈரல் சும்மா கெடக்கு, பச்ச ஈரல்தான் வேல செய்யுது. அப்ப ஒட்றவன் உள்ளாறதான் இருக்கான்லா!"

எட்டு முறை கழுவினாள். பத்து முறை கழுவினாள். நீலம் நின்றது. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அவள் கையிலிருந்த குழாயை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் நோட்டின் பக்கத்தை மெல்ல மூடினேன்.

அன்று தொடங்கியது.

எதற்கெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அவள் கைக்குப் பொறாமைப்பட்டேன். குழாயில் சொட்டு நிற்கும் இடத்தை அவள் பார்க்காமலே நிறுத்துவாள். அவள் கண்ணுக்கும் பொறாமைப்பட்டேன், நிறத்தை அளக்கும் கருவியில் நான் முள்ளைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே, இது கூட, அது கம்மி என்று சொல்லிவிடுவாள், அது சரியாகவே இருக்கும். அவள் சிரிப்புக்கு. அவளுடைய அரைகுறை ஆங்கிலத்துக்கும்கூட! என் ஆங்கிலம் சுத்தமானது. ஆனால் டாக்டர் நின்று கேட்டது அவள் பேச்சை. 'அஞ்சலையைக் கேள்' என்று அவர் என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். என்னிடம்!

வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்ப்பேன். நிதானமான முகம். ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் அரைத்த மிளகாய்போல் ஏதோ எரியும்...

பிறகு இரண்டாவது விஷயம் வந்தது. ஈரல் சாற்றில் ஓர் உப்பைக் கரைத்தால், ஒரு பங்கு திரண்டு கீழே இறங்கும். இன்னொரு பங்கு தெளிந்து மேலே நிற்கும். 'ஒட்றவன்' எந்தப் பங்கில் இருக்கிறான் என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். திரண்ட பங்கை மட்டும் வைத்துச் செய்தோம். நீலம் கூடவே இல்லை. தெளிந்த பங்கை மட்டும் வைத்துச் செய்தோம். மங்கலாக ஏதோ இருந்தது. மொத்தச் சாற்றில் இருந்த அளவு அதில் பாதிகூட இல்லை. பிரிக்கும்போது நொதி பாழாகிவிட்டது என்றேன் நான். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அஞ்சலை கழுவும் தொட்டியில் சாய்ந்து நின்றபடி யோசித்தாள்.

"அக்கா, எங்க தோட்டத்துல ஆளுங்கள வேல வாங்குற பெரிய மண்டோர் இருக்காருல்ல, அவரு மரத்தத் தொடவே மாட்டாரு. சின்ன மண்டோர் காதுல ஒரு வார்த்த போடுவாரு, அவ்வளவுதான். அப்புறம் பாருங்க, சின்ன மண்டோர் ஆடுற ஆட்டத்த! இங்கயும் ரெண்டு பேரு இருக்காங்கக்கா. கீழ எறங்குனவன் ஒட்றதில்ல. ஒட்றவன எழுப்பி விடுறான்."

"புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை."

"புத்தகத்துக்கு எங்க மண்டோரத் தெரியாதுலா!"

டாக்டருக்கு நான்தான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்தார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போட்டார். திரும்பவும் பார்த்தார். இரண்டு பங்கையும் மறுபடி சேர்த்து மூன்றாவது குழாய் ஒன்று போட வேண்டும் என்றார். அதில் நீலம் முழுதாகத் திரும்பி வந்தால், அவள் சொன்னது சரி. நொதி ஒன்றல்ல, இரண்டு. அப்படி ஒன்றை எழுப்புவதற்கு இன்னொன்று இருப்பதாக எங்கும் தான் படித்ததில்லை என்றார்.

அதற்குக் கேசின் தேவை. எங்களிடம் தீர்ந்துபோயிருந்தது. சீமையிலிருந்து வர வேண்டிய பெட்டி வரவில்லை. டாக்டரோ அடுத்த வெள்ளிக்கிழமை விடுப்பில் ஊருக்குக் கப்பலேறுகிறார். முடிவைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அஞ்சலை சொன்னாள், "எங்க லயத்து வீடுகள்ல மாடு வச்சிருக்காங்க, நான் செஞ்சு கொண்டாரேன்." பாலைப் புளிக்காடி விட்டுத் திரித்து, கொழுப்பு போகக் கழுவி, துணியில் பரப்பிக் காயவைத்து இடித்தால் வெள்ளைத் தூள். அதுதான் கேசின். முன்பும் இரண்டு முறை ஆஸ்பத்திரி அடுப்பில் வைத்துச் செய்திருக்கிறாள். இந்த முறை ஆஸ்பத்திரிப் பால் நோயாளிகளுக்கே போதவில்லை. அதனால் தோட்டத்தில் செய்தாள்.

இங்கேதான் அவசரகாலம் வருகிறது.

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கவளம் சோறுகூடக் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயம். அரிசி, சீனி, டின்பால், பால்மாவு... எதுவும் கூடாது. மரம் சீவுகிற பெண்கள் பால் விடாத கோப்பி ஓவை மட்டும் குடித்துவிட்டு மதியம்வரை நிற்பார்கள். கேட்டில் மடியைத் தட்டிப் பார்ப்பார்கள், தலைத்துண்டை உதறச் சொல்வார்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் ஒரு சலுகை. மாதத்துக்கு ஒரு பட்டியல். இன்னின்ன பொருள்களை இன்னார் கேட் வழியாகக் கொண்டுவருவார் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஸ்டேஷனில் முத்திரை குத்துவார்கள். ஒரு பிரதி கேட்டில் தொங்கும். அதை டைப் அடிப்பது என் வேலை.

"அக்கா, லிஸ்ட்ல கேசின சேத்துருங்க. ரெண்டு டின். மறந்துறாதீங்க, அந்த சார்ஜன் ரொம்ப மோசம். போன வாரம் எங்கம்மா வெத்தலப் பையக் கொட்டிப் பாத்தான். உள்ள பாக்கு இருக்கு, பாக்க வச்சு யாரு பசியாறுவா?"

"சேர்க்கிறேன்" என்றேன்.

சேர்க்கத்தான் செய்தேன். நம்புங்கள்! ஏழாவது வரியில் அடித்தேன். 'கேசின், இரண்டு டின், ஆய்வுக்காக.' அடித்து முடித்துக் காகிதத்தை எடுக்கப் போனபோது, பக்கத்து அறையில் டாக்டர் மேட்ரனிடம் பேசுவது கேட்டது. தான் படித்த ஸ்காட்லாந்துக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு வருடப் பயிற்சிக்கு இங்கிருந்து ஓர் உதவியாளரை அனுப்ப இடம் கிடைத்திருக்கிறது என்றார். சரோஜாதானே, என்றார் மேட்ரன்.

இல்லை, என்றார் டாக்டர். சரோஜாவிடம் கொடுத்த வேலை தவறாது. ஆனால் கண் அஞ்சலைக்குத்தான். மூன்றாவது குழாய் சரியாக வந்துவிட்டால் அவளைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் காகிதத்தை உருவினேன். கசக்கவில்லை, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன். புதிதாக மூன்று தாள், இடையில் இரண்டு கார்பன். ஆறு வரி அடித்தேன். ஆட்டு ஈரல், பனிக்கட்டி, உப்பு, புட்டிகள், துணி, வடிதாள். ஆறு. டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். என் பட்டியலை அவர் எப்போது படித்தார்? சரோஜாவிடம் கொடுத்த வேலை தவறாது!

சில நாள் தாமதமாகும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டில் டின்னைப் பிடுங்கி வைப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாவது குழாய் போட முடியாது. டாக்டர் முடிவில்லாமல் கப்பலேறுவார். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது...

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேனா? அவளுடைய அண்ணன் தொழிற்சங்கத்தில் இருந்தவன், சங்கத்தைத் தடை செய்த பிறகு ஆளைக் காணோம், காட்டுக்குப் போய்விட்டான் என்று பேச்சு. எனக்கும் அது தெரியும்! தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்துகொண்டே, அந்த நேரத்தில் அதை நினைக்காமல் இருக்க எனக்கு முடிந்தது. எப்படி முடிந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

புதன்கிழமை காலை. டாக்டர் சிரம்பானுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போலீஸ் லாரி வந்து நின்றது. கேட்டில் நிற்கும் மலாய்க்காரச் சார்ஜன் இறங்கி நேராக என் அறைக்கு வந்தார். என் மேசைமேல் ஒரு டின்னை வைத்தார். பால்மாவு டின். வெளியே கொழுத்த குழந்தைப் படம். அந்தப் பைத்தியக்காரி கேசினை அந்த டின்களில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள்! காற்றுப் புகாத டின் லயத்தில் வேறு என்ன கிடைக்கும்?

சார்ஜன் பட்டியலை எடுத்து விரித்தார். அதை ஒருமுறை, டின்னை ஒருமுறை பார்த்தார். அவர் கெட்டவர்போல் இல்லை. களைத்துப்போன முகம். மலாயில்தான் கேட்டார், மரியாதையாகவே கேட்டார். இந்தப் பெண் இது ஆஸ்பத்திரி மருந்து என்கிறாள், பட்டியலில் இல்லையே?

"இல்லை" என்றேன்.

அவர் மூடியைத் திறந்தார். வெள்ளைத் தூள். இரண்டு விரலால் எடுத்து முகர்ந்தார். பால் வாடை.

"இனி மாக்கானான் கா?" என்றார். இது சாப்பாட்டுப் பொருளா?

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நானும் நின்றேன். ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. எத்தனை பதில்கள் இருந்தன! இது ஆய்வுக்கூடத்துப் பொருள், பட்டியலில் விட்டுப்போனது, தவறு என்னுடையது. அல்லது, டாக்டர் வரட்டும், அவரைக் கேளுங்கள். அல்லது பேசாமல் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை எடுத்துக் காட்டியிருக்கலாம்.

"போலே மாக்கான்" என்றேன். சாப்பிடலாம்.

பொய் இல்லை. பாலிலிருந்து வந்தது, யாரும் சாப்பிடலாம். எந்த நீதிமன்றத்திலும் அந்த வார்த்தைக்காக என்னைப் பிடிக்க முடியாது. அதற்காகத்தானே அந்த வார்த்தையைப் பொறுக்கி எடுத்தேன்...

சார்ஜன் தலையாட்டிவிட்டு மூடியை அழுத்தினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாரியின் பின்னால் இரண்டு காவலர்களுக்கு நடுவே அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். மடியில் ஈரல் பாத்திரம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது!

"அக்கா! சொல்லிட்டீங்களா? இந்தாளு மாவு மாவுங்கிறான்லா! கடையில விக்கிற மாவு எவ்வளவு நைசா இருக்கும், இது நறநறன்னு இருக்கு, அதுகூடத் தெரியல!"

சார்ஜன் ஏறி உட்கார்ந்தார். லாரி உறுமியது. அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. மடியிலிருந்த பாத்திரத்தைத் தூக்கி, லாரியின் விளிம்பு வழியாக ஆஸ்பத்திரித் தோட்டக்காரரிடம் நீட்டினாள்.

"அக்கா, ஈரல ஐஸ்ல வைங்க! டாக்டர் வந்ததும் வந்துருவேன். வெயில்ல வச்சா வீணாப் போயிரும்!"

வைத்தேன். ஐஸில்தான் வைத்தேன். என்னிடம் கொடுத்த வேலை தவறாது.

மறுநாள் டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்டேஷனுக்கு ஓடினார். அங்கே அவருடைய கையெழுத்துப் போட்ட பட்டியலையே அவர் முன்னால் வைத்திருக்கிறார்கள். ஆறு பொருள். அதோடு, ஆய்வுக்கூடத்துப் பெண்ணே இது உணவுப் பொருள் என்று சொன்னதாக ஒரு வரி. அதோடு, அண்ணனைப் பற்றிய பழைய கோப்பு.

திரும்பி வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கேசினைச் சேர்க்கும்படி அஞ்சலை உன்னிடம் சொன்னாளா?

"இல்லை" என்றேன்.

அது பொய். சுத்தமான பொய். அதற்கு முன் செய்ததற்கெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிப் பார்க்கலாம். இதற்கு ஒன்றும் இல்லை. டாக்டர் என்னை நம்பினார். என் பட்டியலை நம்பியதுபோலவே. வெள்ளிக்கிழமை கப்பலேறினார். போகும்முன் அவளுக்காக மூன்று கடிதங்கள் எழுதிவைத்தார். மூன்றையும் டைப் அடித்தது நான். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

கடிதங்கள் பயன்படவில்லை. அஞ்சலை எங்கெங்கோ அடைக்கப்பட்டிருந்தாள். பிறகு நாடு கடத்தும் உத்தரவு வந்தது, அவள் அப்பாவின் பெயரில். குடும்பத்தோடு இந்தியாவுக்கு. அவள் இங்கே பிறந்தவள். கோலா சாவாவைத் தாண்டினால் சிரம்பான், சிரம்பானைத் தாண்டினால் ஒன்றும் தெரியாதவள். கப்பலேற்றும் நாளில் அவளைப் பார்க்க நான் போகவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் இரத்தம் தடவிய இருபத்திரண்டு கண்ணாடித் தகடுகள் பார்த்தேன். எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன்.

ஸ்காட்லாந்துக்கு நான் போனேன்.

வேறு யார் போவார்கள்? அங்கே ஆய்வுக்கூடத்து அலமாரியில் கேசின் வரிசை வரிசையாக இருந்தது. பெரிய பெரிய ஜாடிகள். யாரும் கேட்பாரில்லை. கரண்டியை விட்டு அள்ளிக்கொள்ளலாம்! முதல் முறை அந்த அலமாரியைத் திறந்தபோது உடனே சாத்திவிட்டுக் கணப்பருகே போய் உட்கார்ந்துவிட்டேன். குளிருக்கு என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவர்கள் தேநீர் கொடுத்தார்கள்.

மூன்றாவது குழாயை அங்கேதான் போட்டேன். திரண்ட பங்கு, தெளிந்த பங்கு, இரண்டையும் சேர்த்து. மருந்தை விட்டதும்... நீலம்! கருவி தேவையே இல்லை. கண்ணாலேயே தெரிந்தது. மொத்தச் சாற்றில் இருந்ததைவிடவும் அடர்ந்த நீலம். ஆறு முறை செய்தேன். ஆறு முறையும் வந்தது. அவள் சொன்னது அப்படியே சரி. இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் மற்றவனை எழுப்பிவிடுகிறான்.

அந்த நேரத்திலாவது அழுதிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. எனக்கு முதலில் வந்தது கோபம். நீ இங்கே இல்லாமலும் சரியாக இருக்கிறாயே அஞ்சலை! கடல் தாண்டிப் போய்க்கூட என்னை ஜெயிக்கிறாயே! அப்படித்தான் நினைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஊர் திரும்பிவிட்டேன். அதே ஆஸ்பத்திரி. இப்போது ஆய்வுக்கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. டாக்டர் அங்கேயே தங்கிவிட்டார். கேட்டும் முள்கம்பியும் இன்னும் இருக்கின்றன. பட்டியலை இப்போது நானே அடித்து நானே கையெழுத்திடுகிறேன்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊர். அஞ்சலையின் கையெழுத்து.

'சரோஜாக்காவுக்கு அஞ்சலை எழுதுவது. நாங்க எல்லாரும் சொகம். அப்பாவுக்குத்தான் இந்த ஊரு ஒத்துக்கல. இங்க ஒரு ஆஸ்பத்திரியில பாட்டில் கழுவுற வேல கெடச்சிருக்கு. நம்ம வேலதான், தெரிஞ்ச வேலதான். எனக்காக நீங்க எவ்வளவு பேசியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்கா. உங்கள யாரும் கஷ்டப்படுத்தலயே? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மூணாவது ட்யூப் என்ன ஆச்சு? ரெண்டு பேரு இருக்காங்களா, இல்ல நான்தான் சும்மா ஒளறுனேனா? பாட்டில் கழுவுறப்ப எல்லாம் அதே நெனப்பா இருக்கு. பெரிசா எழுத வேணாம். ஒரு வரி போதும்.'

ஒரு வரி.

அந்த வரியை நான் எழுதவில்லை. பயத்தால் என்று சொன்னால் நீங்கள் என்மேல் இரக்கப்படக்கூடும். பயமில்லை. அவள் என்னைச் சந்தேகிக்கவே இல்லையே! நீ சொன்னது சரி என்று எழுத என் கை மறுக்கிறது. அதை எழுதிவிட்டால், அந்த நீலம் அவளுடையதாகிவிடும்... இவ்வளவுக்குப் பிறகும்!

சென்ற மாதம் டாக்டரின் கடிதமும் வந்தது. இரண்டு நொதிகளைப் பற்றிய கட்டுரையை எழுதி முடித்துவிட்டாராம். என் பெயரைப் போடச் சம்மதமா என்று கேட்டிருந்தார். பிறகு இன்னொரு வரி. இந்த யோசனை முதலில் அஞ்சலையுடையது, அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் அவளுக்கு எழுதி அவள் பெயரையும் சேர்க்க வேண்டும், உனக்கு முகவரி தெரியுமா?

அஞ்சலையின் கடிதம் அப்போது என் மேசையில், என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

டாக்டருக்கு அன்றே பதில் எழுதினேன். என் பெயரைப் போடலாம். முகவரி தெரியாது.

கட்டுரை இன்னும் அச்சேறவில்லை. மாற்ற நேரம் இருக்கிறது. ஒரு தாள், ஓர் உறை, ஒரு தபால்தலை. உங்களுக்கு இத்தனை பக்கம் எழுத முடிந்த எனக்கு அது பெரிய வேலையா?

இன்று காலையும் ஆபீஸ் பியூன் கதவருகே வந்து நின்றார். "தபால் ஏதும் இருக்காம்மா? லாரி கெளம்புது."

இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.